காரணம்: ஒரு சந்தேகம்

செயற்கை நுண்ணறிவைத் தினமும் மலையேறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் எங்கள் சிக்னல் சார்.

குன்னூரிலிருந்து ஒன்றரை மணி நேர பஸ் பயணம். தேயிலை எஸ்டேட்டுக்கு நடுவில் ஒரு நடுநிலைப் பள்ளி. நான் அதன் தலைமை ஆசிரியை. எதையும் டைரியில் எழுதிய பிறகுதான் நம்புகிறவள். கீழே வரும் எண்கள் எல்லாம் அதிலிருந்து எடுத்தவை.

பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் ஏ.ஐ. செயலியோடு பள்ளிக்கு ஒரு டேப், அதாவது கைக்கணினி, வந்தது. சிக்னல் வரவில்லை. வகுப்பறை, சத்துணவுக் கூடம், கொடிமேடை என்று பதினான்கு இடங்களில் தூக்கிப் பிடித்துப் பார்த்தோம். நான்காம் நாள், பள்ளிக்குப் பின்னால் மேட்டின் உச்சியில் இருக்கும் பாறையிலிருந்து எங்கள் அறிவியல் ஆசிரியரின் குரல் கேட்டது: "டீச்சர்! ரெண்டு கோடு வருதுங்க!"

அன்றோடு அவருடைய சொந்தப் பெயரைப் பள்ளி மறந்துவிட்டது.

பாறைக்கு ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு காலடி. காட்டெருமைகள் மேயும் பாதை என்பதால் பிள்ளைகளை அனுப்ப நான் சம்மதிக்கவில்லை. "அதுக்கென்னங்க, நானே போய்க் கேட்டுட்டு வந்தர்றேன்" என்றார். கேள்விச் சீட்டுகளை ஒரு பழைய டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டு, இரண்டு ஸ்வெட்டர், ஒரு குடை சகிதம் புறப்படுவார். போய்வர நாற்பது நிமிடம். அதுவரை வகுப்பில் நான் உட்கார்ந்திருப்பேன்.

சீட்டை ஏற்க அவர் ஒரு நிபந்தனை வைத்திருந்தார். கேள்விக்குக் கீழே கேட்பவரின் சொந்தப் பதிலும் இருக்க வேண்டும்.

"உன்ற பதில் எங்க கண்ணு?"

"தெரியாதுங்க சார். அதனாலதான கேக்குறேன்."

"தப்பாவாச்சும் எழுது. வெறுஞ்சீட்டைத் தூக்கிட்டு மேடேற என்ற முட்டி ஒத்துக்காது."

பள்ளி நேரத்தில் வெளியே போகிறவர்கள் இடமும் காரணமும் எழுதிக் கையெழுத்திட வேண்டிய நடமாட்டப் பதிவேடு ஒன்று என் மேஜையில் உண்டு. அதில் தினமும் ஒரே வரி: "இடம்: பாறை. காரணம்: ஒரு சந்தேகம்."

"அலுவல் காரணம் எழுதணும் சார்" என்றேன்.

"ஏனுங்க டீச்சர், பள்ளிக்கூடத்துல சந்தேகத்தை விட்டா வேறென்னங்க அலுவல்?"

அந்தப் பக்கத்தில் நான் முத்திரை குத்தினேன். வேறு வழி தெரியவில்லை.

பாறைமேல் ஏறியதும் அவர் முதலில் செயலியிடம், "வணக்கமுங்க, சாப்டாச்சுங்களா?" என்று விசாரிப்பாராம். தான் சாப்பிடுவதில்லை என்று அது தினமும் பதில் சொல்லும். மறுநாளும் கேட்பார். ஏன் என்றேன். "சாப்பிடாதுன்னு அதுக்குத் தெரியுமுங்க. கேக்கோணும்னு நமக்குத் தெரியோணுமல்ல?"

ஜனவரியில் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. எங்கள் டேப் ஒரு நாளில் பதினொரு நிமிடம்தான் பயன்படுகிறதாம். அதிகாரி நேரில் வந்து பார்ப்பார். திருப்தி இல்லையென்றால் எடுத்துப்போய் வேறு பள்ளிக்குக் கொடுத்துவிடுவார்கள். செய்தி கேட்டு ஏழாம் வகுப்பு கவிதா மூன்று சீட்டுகளைச் சேர்த்து நீட்டினாள். "டேப் போறதுக்குள்ள கேட்டுருங்க சார்."

அதிகாரி வந்தார். ஜீப்பிலேயே அட்டைப்பெட்டி தயாராக இருந்தது. "மத்த ஸ்கூல்ல மணிக்கணக்கா யூஸ் பண்றாங்க மேடம். இங்க என்ன பிரச்சினை?"

"வாங்க சார், நடந்துட்டே பேசலாமுங்க" என்று அவரைக் கூட்டிக்கொண்டு சிக்னல் சார் மேடேறிவிட்டார். வழியில் குறுக்கே ஒரு காட்டெருமை நின்றதாம். அதிகாரி தேயிலைச் செடிக்குப் பின்னால் பதுங்க, இவர் குடையை மடக்கிக்கொண்டு, "ஏனுங்க, ஆபீசர் வந்திருக்காருங்க, கொஞ்சம் ஒதுங்கிக்கோங்க" என்றாராம். அது ஒதுங்கியது. இதை அதிகாரியே என்னிடம் சொன்னார்.

அன்று டிபன் பாக்ஸில் போனது கவிதாவின் சீட்டு. "உறைபனி விழுந்தால் மேட்டுத் தேயிலை பிழைக்கிறது. ஓடையோரத் தேயிலை கருகுகிறது. ஏன்?" அவள் எழுதிய பதில்: "குளிரும் தண்ணி மாதிரி பள்ளத்துக்கு ஓடும்."

அவர்கள் மேலே இருந்த நேரத்தில் வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. "காலையில ஓடையில தண்ணி எடுக்கப் போனா காது வலிக்குது. மேட்டுல எங்க லயத்து வீட்டுக்கு ஏறி வந்தா வலிக்கல. அப்ப குளிரு கீழதான இருக்கு?" என்றாள் கவிதா. எதிர்க்கட்சி யோசித்தது. நானும் யோசித்தேன். இருபத்தாறு வருடமாக அந்தக் கருகலைப் பார்க்கிறேன். ஒருநாளும் ஏன் என்று கேட்டதில்லை.

மூச்சுவாங்க இறங்கிவந்த அதிகாரி செயலி சொன்ன பதிலைப் படித்தார். "உயரம் கூடக் கூடக் குளிர் கூடும். ஆகவே மேட்டில்தான் சேதம் அதிகம்."

முப்பத்தொரு பிள்ளைகளும் ஒரே குரலில், "இல்லீங்க சார்!"

"மிஷின் எங்க லயத்துப் பக்கம் வந்ததில்லீங்க" என்றாள் கவிதா. காது வலியையும் சொன்னாள்.

அதிகாரி சீட்டில் காது வலியைத் தானே எழுதிச் சேர்த்துக்கொண்டு டேப்பை எடுத்தார். "சார், குடையைக் கொடுங்க. நானே போயிட்டு வர்றேன்."

முப்பத்தெட்டு நிமிடத்தில் திரும்பினார். பேன்ட் முழங்காலில் மண். "இந்தப் பொண்ணு சொன்னதுதான் சரியாம். குளிர்ந்த காத்து கனமா இருக்குமாம், ராத்திரி சரிவுல இறங்கிப் பள்ளத்துல தேங்குமாம். முதல்ல சொன்னது தப்புன்னு ஒத்துக்கிச்சு."

வகுப்பு போட்ட சத்தத்தில் சத்துணவு ஆயா கரண்டியோடு ஓடிவந்தார்.

அட்டைப்பெட்டி காலியாகவே திரும்பிப் போனது. அவர் போனபின் பதிவேட்டைப் புரட்டினேன். அழகான புதிய கையெழுத்தில் ஒரு வரி: "இடம்: பாறை. காரணம்: ஒரு சந்தேகம்."

இப்போது பள்ளிக்கு இணைய இணைப்பு வந்துவிட்டது. சிக்னல் சாருக்குக் கூடலூர் பக்கம் மாறுதல். அங்கே வகுப்பறையிலேயே நாலு கோடும் வருகிறதாம். அவருக்காக வருத்தமாக இருந்தது. இங்கே கேள்வி எழுதிய பிள்ளைகள் நாற்பது நிமிடம் சண்டை போட்ட பிறகுதான் டேப்பைத் திறக்கிறேன். திறந்ததும், சாப்பிட்டாயிற்றா என்று கேட்டுவிடுகிறேன்.

சென்ற வியாழன் பதிவேட்டில் நானே கையெழுத்திட்டுவிட்டு, டேப்பும் சீட்டும் இல்லாமல், சிக்னல் சாரின் பாறையைப் பார்த்துவர மேடேறினேன். எண்ணிக்கொண்டே ஏறினேன், ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு காலடி சரியாக இருந்தது. இடம் எழுதியிருந்தேன். காரணம் என்ற கட்டத்தை, என் இருபத்தாறு வருடத்தில் முதன்முறையாக, காலியாக விட்டுவிட்டேன்.