வீட்டை வைத்த திசை

அன்புக்கும் அதைவிட நீண்ட மூக்குக்கும் உரிய அண்ணன் அஞ்சுலோவுக்கு, குளிரில் விறைத்த கையோடு தம்பி கெஸ்மு எழுதுவது. மலைமேல் நாங்களும் மாடும் ஒரே கூரையின் கீழ் நலம். அடிஸ் அபாபாவில் நீயும் உன் தறியும் நலமா?

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், போன சனிக்கிழமை நம் வீடு எழுந்து, கொஞ்ச தூரம் நடந்து, மறுபடி உட்கார்ந்தது.

கரையான் அடிமூங்கிலைத் தின்று தின்று, யானை முகம் போல மூங்கிலில் பின்னிய நம் வீடு மண்டி போட்டுவிட்டது. தும்பிக்கை வாசலில் நுழைகிற வெளிநாட்டுக்காரர்கள் வரிசையாக நெற்றியை இடித்துக்கொண்டார்கள். "இதுதான் எங்க ஊரு வரவேற்பு"ன்னு நான் சொன்னதும், இடிக்காதவரும் திரும்பி வந்து இடித்துக்கொண்டார். அப்பாவுக்கு விஷயம் தெரிந்து, அரித்த அடியை வெட்டிவிட்டு வீட்டைத் தூக்கி வேறு இடத்தில் வைத்துவிடுவோம் என்றார். தூக்க ஆள் வேண்டாமா? உன் வயசுக்காரர்கள் எல்லாரும் தலைநகரில் தறிக்குழியில். மாடு கட்டும் பக்கம், வீடு தூக்கும்போதெல்லாம் நீ நிற்கிற இடம், காலி. நான் சும்மா இருப்பேனா? கேமராவோடு வந்த கூட்டத்திடம் போய், "வீடு தூக்கினா வழுக்கையில முடி முளைக்கும்"னு அவிழ்த்து விட்டேன். டீட்டர் என்ற பளபள மண்டைக்காரர் ஓடி வந்து உன் இடத்தைப் பிடித்துக்கொண்டார்.

"ஏய்யா, அது எம்புள்ள நிக்கிற எடம், தள்ளி நில்லு" என்றாள் அம்மா. மொழி புரியாமல் அவர் தலையாட்டிச் சிரித்தார்.

"விடும்மா, எடம் காலியா இருந்தா வீடு சாஞ்சிரும்" என்றார் அப்பா. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வீடு தூக்குகிற பாட்டை எடுத்துக் கொடுத்தது நான். என் குரலுக்குத்தான் வீடே எழுந்தது. நீ இல்லாதது யாருக்கும் தெரியவில்லை. வாசலை வாழைத்தோட்டம் பார்த்து வைக்கச் சொன்னார் அப்பா. "சாலையப் பாத்து வைங்கப்பா, கூட்டம் அள்ளும்" என்றேன். "இந்தப் பய பொழச்சுக்குவான்" என்று அப்படியே வைத்துவிட்டார்.

ஆகவே அண்ணா, போன வருஷம் போலவே இந்த மெஸ்கெல் திருவிழாவுக்கும் நீ வராவிட்டால் பாதகமில்லை. உன் பங்கு கறியையும் வெண்ணெயையும் தின்ன எனக்கு வயிறு இருக்கிறது. நூல் அறாமலும், உன் மூக்கு தறியில் சிக்காமலும் நீ நீடு வாழ, இளையவன் ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
நீ இல்லாமலே வேலையை ஊதித் தள்ளிவிட்ட
கெஸ்மு

பின்குறிப்பு: பாட்டின் முதலடிதான் எனக்குத் தெரியும். இரண்டாவது அடி நீ பாடுவது. அது வரவேண்டிய இடத்தில், வீட்டைத் தோளில் வைத்துக்கொண்டு எல்லாரும் சும்மா நின்றோம். கூட்டம் அள்ளும் என்றதும் புளுகு. சாலைக் காற்று நேரே உள்ளே வந்து அடுப்புப் புகை கண்ணைக் கரிக்கிறது, அம்மா என்னைத் திட்டாத நாளில்லை. ஆனால் இப்போது வாசலில் உட்கார்ந்தால், அர்பா மின்ச்சிலிருந்து பஸ் ஏறி வருகிற வளைவு தெரியும். அம்மாதான் தினம் அங்கே உட்கார்ந்து பார்க்கிறாள் என்று எழுதலாம் என்றிருந்தேன். இதை வாசலில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்; அம்மா உள்ளே ரொட்டி சுடுகிறாள், அண்ணா.