மெட்டியோடு போன டெஸ்ட் ரைடு

நெமிலிச்சேரி கல்யாணத்தில் நடந்ததை எங்கள் வீட்டில் ஆளுக்கு ஒரு மாதிரி சொல்கிறார்கள். சரியான வரிசை இதுதான்:

1. ஒரு ஞாயிறு காலை, பழைய பைக் பார்ப்பதற்காகக் கல்யாண மண்டபத்துக்குப் போனேன்.
2. பார்த்தேன். ஓட்டினேன். பிடித்துப்போயிற்று.
3. அது விற்பதற்கு நிறுத்தியிருந்த வண்டி இல்லை.
4. அதற்குள் கல்யாணப் பெண்ணின் மெட்டி இருந்தது.

இனி விளக்கம்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில், தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். வீடு பாரிவாக்கத்தில். பஸ் மாறி மாறிப் போய் அலுத்து, கியர் பைக் ஒன்று வாங்க முடிவு செய்தேன். அப்பா ஸ்கூட்டர் கட்சி. "கியர் வண்டி உனக்கு அடங்காதுமா" என்பார். கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். நானே தனியாகப் போய்த் தேர்ந்தெடுக்கலாம். ஏதாவது வம்பு வந்தால், பேச்சில்லாமல் ஸ்கூட்டர்.

பார்த்ததையெல்லாம் கழித்துக்கட்டியதில் இரண்டு வண்டிகள் மிஞ்சின. பூந்தமல்லியில் ஒரு 150 சி.சி., நெமிலிச்சேரியில் ஒரு 125. ஒரே கம்பெனி, ஒரே டேங்க், ஒரே முகப்பு விளக்கு. பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தினால் தயாரித்தவர்களே குழம்புவார்கள். (நான் குழம்ப மாட்டேன் என்று ஆபீசில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சாப்பாட்டு நேரத்தில் நான் இந்தப் பேச்சை எடுத்தால் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு எழுந்துபோன தோழிகள் உண்டு.) சனிக்கிழமை 150-ஐ ஓட்டிப் பார்த்தாயிற்று. இழுவையில் குறையில்லை, பெட்ரோல்தான் சற்று அதிகம் குடிக்கும் போலிருந்தது. மறுநாள் 125.

அதை விற்கிற பிரபு அண்ணன், மண்டபத்துக்கே வரச் சொல்லியிருந்தார். நான் போனபோது பந்தியில் உட்கார்ந்திருந்தார். (மேடையில் தாலி கட்டும் நேரம். பந்தியில் இருந்தவர்கள் இலையை விட்டு எழுந்திருக்காமல் அங்கிருந்தே அட்சதை தூவினார்கள்.)

"இலைல குந்திட்டேன்மா. பாதில எழுந்தா கல்யாணக்காரங்க கோச்சிக்குவாங்க. நீயே போய் ஒரு ரவுண்டு ஓட்டிகினு வா" என்று இடது கையால் சாவியை நீட்டினார். "வேப்பமரத்தாண்ட கருப்பு வண்டி. சாவி கொஞ்சம் மக்கர் பண்ணும், ஆட்டி ஆட்டித் திருப்பு."

"ஆர்.சி. புக்கு அண்ணா?"

"வடை வந்துகினு கீதுமா. துன்னுட்டு வந்து காட்டறேன்."

எதையும் அளப்பதற்கு முன்னால் அதன் எண்ணைச் சரிபார்க்க வேண்டும். தொழிற்சாலையில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் நடத்தும் முதல் பாடம் இது. அன்று அதை வடைக்குப் பிறகு என்று ஒத்திவைத்தேன்.

வேப்பமரத்தடியில் கருப்பு வண்டி நின்றது. அதற்கு அந்தப் பக்கம், இரண்டு ஸ்கூட்டர் தள்ளி இன்னொரு கருப்பு வண்டியும் நின்றிருக்கிறது. நான் முதல் வண்டியைக் கண்ட நிறைவில் மேலே தேடவில்லை. டேங்க் உறை போட்டிருந்ததால் மாடல் ஸ்டிக்கர் தெரியவில்லை. (எதற்கு ஸ்டிக்கர்? எனக்குத்தான் பார்த்தாலே தெரியுமே.) சாவி திரும்ப மறுத்தது. ஆட்டினேன். திரும்பியது. பூட்டு தேய்ந்துவிட்டால் வேறு சாவிக்கும் இடம் கொடுக்கும் என்பது எனக்குத் தெரியாத விஷயமில்லை. ஆனால் அந்த நிமிடத்தில், 'நல்ல மனிதர், உள்ள குறையை மறைக்காமல் சொல்லிவிட்டார்' என்றுதான் தோன்றியது.

ஸ்டேஷன் ரோட்டில் வண்டி சீறிக்கொண்டு போனது. 125-க்கு இப்படி ஒரு இழுவையா! முந்தைய நாள் ஓட்டிய 150-க்கு இம்மிகூடக் குறைவில்லை. (குறைவில்லாததற்குக் காரணம், இதுவும் 150.) கிளட்ச் மென்மை. செயின் சற்றுத் தொய்வு. பின்பிரேக் தேய்மானம். கண்ணாடி துளியும் அதிரவில்லை. பட்டு வேட்டி கட்டிய ஒருவர் வெகு பின்னால் ஸ்கூட்டரில் ஒரு கையை ஆட்டிக்கொண்டு வருவதுகூடத் தெளிவாகத் தெரிந்தது. கண்ணாடிக்கு முழு மதிப்பெண் போட்டேன். இரண்டு வளைவு தாண்டியதும் அவரைக் காணவில்லை.

ஓரமாக நிறுத்தி அப்பாவுக்குப் போன் செய்தேன். "125தான்ப்பா. முடிவாயிடுச்சு."

"எல்லாம் பாத்துட்டியா?"

"எல்லாம் பாத்துட்டேன்."

வேறு தெரு வழியாகத் திரும்பி வந்தால், பாதிக் கல்யாணம் மண்டபத்து வாசலில் நின்றது. மேளச் சத்தம் இல்லை. தாலி கட்டியாகிவிட்டது, அடுத்தது மெட்டி. அதைப் பெண்ணின் தாய்மாமன்தான் வாங்கி வர வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம். ஏழுமலை என்ற அந்த மாமா வாங்கியும் வந்துவிட்டார். பத்திரமாக இருக்கட்டுமே என்று தன் பைக்கின் டேங்க் உறையில், ஜிப்புக்குள் வைத்திருந்தார். அதை எடுக்க வெளியே வந்தவரின் கண்ணெதிரேதான் நான் வண்டியைக் கிளப்பியிருக்கிறேன்.

"அதோ வர்றா பாரு! பாக்க படிச்ச பொண்ணாட்டம் கீறா!" என்றார் ஒரு அம்மா.

"திருடனவ எதுக்குடி திரும்பி வரா?" என்று பக்கத்திலிருந்தவர் நியாயமாகக் கேட்டார்.

பிரபு அண்ணன் கழுவாத கையோடு ஓடிவந்தார். "அய்யய்யோ, இது என் வண்டி இல்லமா! என்னுது அதோ நிக்குது பாரு!"

அதற்குள், ஸ்கூட்டரில் வந்த அந்தப் பட்டு வேட்டிக்காரரும் வந்து சேர்ந்தார். அவர்தான் ஏழுமலை மாமா. நேராகப் போய் ஜிப்பைத் திறந்தார். மெட்டி இருந்தது. உள்ளே கொடுத்தனுப்பிவிட்டு என்னைப் பார்த்தார்.

இப்படிப்பட்ட நேரத்தில் மனிதர்கள் அழுவார்கள், அல்லது மன்னிப்புக் கேட்பார்கள். நான் அறிக்கை கொடுத்தேன்.

"சார், செயின் லூசா இருக்கு. பின்னாடி பிரேக் ஷூ மாத்தணும்."

"வண்டிய தூக்கிகினு போனியே, அத்த கூட வுட்டுடலாம்மா. அத்தினி பேர் எதிர்ல கொற வேற சொல்றியா?"

யாரோ சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. "உங்க அப்பாருக்குப் போன் போடு" என்றார். போட்டேன். ஸ்பீக்கரில் வைக்கச் சொல்லி, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். ஒப்பந்தத்தில் வம்புக்கு விளக்கம் எழுதவில்லையே தவிர, இதைவிடப் பெரிய வம்பு இருக்க முடியாது. என்ன கலர் ஸ்கூட்டர் வாங்கலாம் என்று நான் யோசிக்கவே ஆரம்பித்துவிட்டேன்.

"எங்கியாச்சும் கொண்டுபோய் இடிச்சிட்டாளாங்க?" என்றார் அப்பா.

"இடிக்கிறதாவது! என் மச்சான் ஸ்கூட்டர எட்துகினு பின்னாடியே தொரத்தனேன் சார். புடிக்க முடில. அந்த வளைவுல இன்னாமா சாச்சித் திருப்புது உங்க பொண்ணு! அத்த சொல்லு. ஸ்கூட்டர்லாம் ஒரு வண்டியா சார்? வேஸ்ட்டு!"

பிறகு அப்பா, "சரி... அது 125ஆ, 150ஆ?" என்றார்.

என்னைச் சாப்பிடாமல் விடவில்லை. வாசலுக்கு வராதவர்களில் பெண் வீட்டார் என்னை மாப்பிள்ளை வீடு என்றும், மாப்பிள்ளை வீட்டார் பெண் வீடு என்றும் நினைத்து மாறி மாறிப் பரிமாறினார்கள். பிறகு எண்ணைப் பார்த்துவிட்டு, உண்மையான 125-ஐ ஓட்டினேன். ஒழுங்கான வண்டிதான். ஆனால் காலையில் ஓட்டியதற்குப் பிறகு அது மாவு அரைப்பது போலிருந்தது. பிரபு அண்ணனிடம் அதை மட்டும் சொல்லவில்லை.

கல்யாண வீடியோவில் தாலிக்கும் மெட்டிக்கும் நடுவில் நான் பைக்கில் வந்து இறங்குகிறேன். வெட்டவே கூடாது என்று மாமா சொல்லிவிட்டாராம். எங்கள் வீட்டில் இன்றும் நான் சாவியை எடுத்தால், சமையலறையிலிருந்து அம்மா, "யார் ஊட்டு மெட்டியும் உள்ள இல்லியே?" என்று கேட்பார்.

பூந்தமல்லி 150 இப்போது என் பெயரில் இருக்கிறது. வேலைக்கு அதில்தான் போகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா அதை இரவல் கேட்கிறார்.