அரைக்கால் சுற்று வைத்தியம்

அந்த மழைக்காலத்தில் திருநாவுக்கரசு ஒரு மகத்தான முடிவுக்கு வந்தார். தன் காரின் நோயைத் தானே கண்டுபிடிப்பது. மெக்கானிக் நிழல்கூட அதன்மேல் விழக் கூடாது. பத்து வருஷமாக அரசாங்க ஆபீசில் அடுத்தவன் கோப்பில் பிழை பிடித்தவருக்கு, ஒரு காரில் பிடிக்க முடியாதா?

அந்தமானிலிருந்து மெயின்லேண்டுக்கு மாற்றலாகும் அதிகாரிகள், கப்பல் ஏறுமுன் கட்டில், பீரோ, கோழி எல்லாவற்றையும் யார் தலையிலாவது கட்டிவிட்டுப் போவது போர்ட் பிளேர் வழக்கம். இந்தப் பழைய கார் அப்படித்தான் இவர் தலைக்கு வந்தது.

காலையில் சாவியைத் திருகினால் முனகும். வீட்டருகே டாலிகஞ்ச் சரிவில் நாலு பேர் தள்ளினால் இருமும். கிளம்பினாலும், நின்ற இடத்தில் மலேரியா கண்டவன் போல் உதறும். மத்தியானம் மட்டும் ஒரு குறையும் இராது.

கைக்கு அகப்பட்ட மூடியையெல்லாம் கழற்றிப் பார்த்து மாட்டிவிட்டு, "கார்புரேட்டர்தான்" என்றார், ஸ்குரூ டிரைவரும் கையுமாக.

அவர் மனைவி மரகதம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "ஏங்க, காலையில மட்டுந்தானே மக்கர் பண்ணுது? நம்ம தீப்பெட்டியும் அப்படித்தான். இந்த ஊரு ஈரத்துக்கு, அடுப்புக்கு மேல வச்சாத்தான் பத்துது. வண்டிக்குள்ளயும் பொறிதானே பத்தணும்?"

"காரை என்ன, கருவாடுன்னு நெனச்சியா, அடுப்புமேல காயவைக்க?"

"சரி, எனக்கு ஓட்டவாவது கத்துக் குடுங்க."

"மொதல்ல வண்டிக்கு என்ன நோவுன்னு நீ கண்டுபிடி. அன்னிக்கே சாவி உன் கையில!"

வேலிக்கு அப்பால் துணி உலர்த்திக்கொண்டிருந்த தூத்துக்குடி கிரேசி எட்டிப் பார்த்தாள். "அண்ணாச்சி, நானும் கேட்டுட்டேன். பக்கா சாட்சி!"

அன்று சாயங்காலம் திருநாவுக்கரசு கார்புரேட்டர் ஸ்குரூவை அரைக்கால் சுற்று திருப்பினார். மறுநாள் குளித்துவிட்டு வந்து சாவியைத் திருகினார். முதல் திருகிலேயே கார் கிளம்பியது. உதறல் இல்லை. அவராலேயே நம்ப முடியவில்லை. அன்றைக்கும் சாயங்காலம் அரைக்கால் சுற்று. மறுநாளும் அதே அதிசயம். ஆறு நாள்.

ஆபீசில் அவர் கால் தரையில் படவில்லை. அதே நோய் கண்ட ஜீப் வைத்திருந்த ஹெட்கிளார்க் இராமகிருஷ்ணன், ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக ரகசியம் தெரிந்துகொள்ள வந்து நின்றார். திருநாவுக்கரசு குளிக்கக்கூட இல்லை. கம்பீரமாக பானட்டைத் திறந்தார்.

உள்ளே, இன்ஜினுக்குப் பொறியைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்கு மூடியே இல்லை. ஒயர்களையும் காணோம்.

"ஐயோ, திருட்டு!"

"கத்தாதீங்க" என்று சமையலறையிலிருந்து மரகதம் வந்தாள். கைத்துணியில் அந்தக் கறுப்பு மூடி, ஒயர்களோடு. "இப்பத்தான் அடுப்புக்கு மேலருந்து எடுத்தேன். நீங்க அன்னிக்குக் கழட்டினப்பவே பாத்தேன், உள்ள முத்து முத்தா வேர்த்திருந்துச்சு. தெனமும் நீங்க எழுந்திரிக்கறதுக்குள்ள கழட்டிக் காயவச்சு, நீங்க குளிக்கறப்ப மாட்டிடுவேன்."

எந்த ஒயர் எந்த இடத்துக்கு என்பதற்கு நூல் கட்டியிருந்தாள்: ஒரு முடிச்சு, இரண்டு, மூன்று, நாலு. மாட்டினாள். சாவியைத் திருகினாள். கார் சமர்த்தாகக் கிளம்பியது.

திருநாவுக்கரசு கடைசியாக ஒரு துரும்பைப் பிடித்தார். "இருந்தாலும் என்னோட அரைக்கால் சுற்றும் சேர்ந்துதான்..."

"அதையா? பழைய இடத்துல குங்குமப் பொட்டு வச்சிருக்கேன். நீங்க திருப்பினதைத் தெனமும் காலையில திருப்பி வச்சுடுவேன்."

வேலிக்கு அப்பால் கிரேசி தொண்டையைச் செருமினாள். இராமகிருஷ்ணன் வானத்தைப் பார்த்தார். ஆபீஸ் முழுக்க இனி சிரிக்கும் என்பது திருநாவுக்கரசுக்குத் தெரிந்தது. ஆனாலும் காரின் சத்தம் காதுக்கு இதமாக இருந்தது; இப்படி ஒரு மூளை தன் வீட்டிலேயே இருப்பதில் ரகசியமாக ஒரு பெருமையும் வந்தது. சாவியை அவள் கையிலேயே விட்டுவிட்டார்.

ஒரே மாதத்தில் மரகதம் நன்றாக ஓட்டப் பழகினாள். இரண்டு முறை வேலியைச் சாய்த்தாள். இரண்டு முறையும் கிரேசியே சிரித்துக்கொண்டு நிமிர்த்தி வைத்தாள்.

இன்னொரு மழை நாள் காலை. இராமகிருஷ்ணன் தன் ஜீப்பின் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் துண்டில் பொதிந்துகொண்டு வந்தார்.

"மரகதம் அம்மா இல்லையா?"

"கிரேசியை ஏத்திக்கிட்டு பஜாருக்குப் போயிருக்கா. அதனால என்ன? அடுப்பு எரிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கு, குடுங்க சார், நான் காயவைக்கறேன்!" என்று திருநாவுக்கரசு இரண்டு கையையும் நீட்டினார்.

இராமகிருஷ்ணன் மூடியை மார்போடு அணைத்துக்கொண்டார். "பரவாயில்லை சார். அவங்க வரட்டும், காத்திருக்கேன்."