வேன் அங்கிளின் இரண்டு ஹாரன்

மலேசியாவின் கிள்ளானில் எங்கள் வட்டாரத்தில் படித்து வளர்ந்தவர்களில் பாதிப் பேர் வேன் அங்கிளின் வேனில் வாந்தி எடுத்தவர்கள்; மீதிப் பேர் அதைப் பார்த்துவிட்டு எடுத்தவர்கள்.

அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். நாங்கள் கேட்டதில்லை. அவரும் எங்கள் பெயரைக் கேட்டதில்லை. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் அவருக்கு நாங்கள் எல்லாரும் சீட்டுகள்தான். நான், 'மூணாவது சீட்டு, ஜன்னல் பக்கம்'. காலையில் வீட்டு வாசலில் இரண்டு ஹாரன் அடிப்பார். மூன்றாவது கிடையாது. காலுறையைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தால் வேனின் பின்பக்கம்தான் தெரியும். ஒருமுறை சொந்த மகளையே விட்டுவிட்டு வந்த மனிதர் அவர்.

நான் பட்டம் வாங்கி எட்டு மாதம் வீட்டில் இருந்தேன். விண்ணப்பங்களுக்கு 'கிடைத்தது, நன்றி' என்று கணினிதான் பதில் போட்டது. போனில் சார்ஜ் இருக்கிறதா என்று ஒரு நாளைக்குப் பத்து முறை பார்ப்பேன். "மேல படிக்கலாமான்னு யோசிக்கறா" என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொல்ல ஆரம்பித்திருந்தார். அப்பா வேலைவாய்ப்புப் பக்கத்தைக் கிழித்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார், அது அதைவிட மோசம். தீபாவளிக்குள் வேலை அமையாவிட்டால் டெங்கிலில் பெரியம்மாவின் பூக்கடைக்குப் போவது என்று முடிவாகியிருந்தது. எனக்குப் பூ கட்டவும் வராது.

அப்போதுதான் பாசாரில் காய்கறி வாங்கப் போனபோது வேன் அங்கிளிடம் மாட்டினேன்.

"என்னா மூணாவது சீட்டு, இன்னும் வீட்லதான் இருக்கியாம்? ரெஸ்யூமே குடு. இருபது காப்பி. கேபிள் இல்லாம இங்க ஒன்னும் நடக்காதுலா."

செல்வாக்கைத்தான் எங்கள் ஊரில் கேபிள் என்பார்கள்.

"ஒங்களுக்கு யாரைத் தெரியும் அங்கிள்?"

"யாரைத் தெரியாது? கடைசி சீட்டு பேங்க்ல இருக்கான். முன் சீட்டு லாயராயிட்டா. எல்லாம் என் வேன்ல பென்சில் பாக்ஸைத் தொலைச்சதுங்கதான்!"

அந்த ஞாயிற்றுக்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸில் கடைசி சீட்டுக்குக் கல்யாணம். வேன் அங்கிள் மேடையேறி, மாப்பிள்ளை கையில் மொய் உறையோடு என் ரெஸ்யூமேயையும் திணித்திருக்கிறார். இரண்டுக்கும் சேர்த்து வீடியோகாரரைப் பார்த்துச் சிரிக்கவும் செய்திருக்கிறார். மாப்பிள்ளை அதைப் பக்கத்தில் நின்ற சித்தியிடம் கொடுத்தார். போட்டோ இருக்கிறது, வயது இருக்கிறது, படிப்பு இருக்கிறது. சித்தி வேறு என்ன நினைப்பார்? மறுநாள் போன் வந்தது. எட்டு மாதத்தில் மனிதர் ஒருவர் பேசப்போகும் முதல் வேலை அழைப்பு என்று ஓடிப்போய் எடுத்தேன்.

"பொண்ணு என்னா நட்சத்திரம்மா?" என்றது அந்தக் குரல்.

நான் அழுதேன். வேன் அங்கிளோ, "ரெஸ்பான்ஸ் வருதுல்ல!" என்றார்.

இரண்டு வாரம் கழித்து ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையிலிருந்து நேர்முகத் தேர்வுக்கு அழைத்தார்கள். ஏற்றுமதிப் பிரிவில் வேலை. வேன் அங்கிள் தானே கொண்டுபோய் விடுவதாகச் சொல்லி, வாசலில் இரண்டு ஹாரன் அடித்தார். நான் முதல் ஹாரனிலேயே வேனுக்குள் இருந்தேன். தொழிற்சாலை கேட்டில் வண்டியை நிறுத்திவிட்டு, ரகசியத்தை அவிழ்த்தார்.

"இங்க ஹெச்.ஆர்.ல ஆள் எடுக்கறது யாரு தெரியுமா? ஒன் பெஸ்ட் ஃப்ரெண்டு! மூணாவது சீட்டு, நடு!"

சுகந்தி.

"அங்கிள், வேனைத் திருப்புங்க."

"ஏன்லா? ஆறு வருஷம் நான் கண்ணாடியில பாத்தேனே? ரெண்டு பேரும் எப்பவும் கட்டிப் புடிச்சிக்கிட்டுத்தானே இருப்பீங்க?"

"அது சண்டை அங்கிள்! ஜன்னல் சீட்டுக்குச் சண்டை! காப்பார் ரோட்ல அவ தண்ணி பாட்டிலை நான் வெளிய வீசி, அது மேல லோரி ஏறிடுச்சி!"

அவர் முகம் வெளிறிப்போனது. கண்ணாடியை ஒருமுறை பார்த்தார், அது அவரை ஏமாற்றிவிட்டதைப் போல.

"அலமா... அவகிட்ட 'ஒன் உயிர்த் தோழி'ன்னு சொல்லியில்ல ரெஸ்யூமேய குடுத்தேன்." பிறகு மெதுவாக, "நீ உள்ள போ. நான் இங்கயே நிக்கிறேன்" என்றார்.

மணி ஒன்பது. எனக்கு முன்னால் ஐந்து பேர். ஒவ்வொருவரும் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்கள், அதுவே பயமாக இருந்தது. பாஜு கூரோங் பாவாடையின் மடிப்பை நீவி நீவி, பெரியம்மா கடையில் நான் கட்டப்போகும் கோணல் மாலைகளை நினைத்துக்கொண்டிருந்தேன்.

சுகந்தி என்னைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. கப்பல் சரக்குப் பத்திரங்களைக் கொடுத்து, தப்புகளைக் கண்டுபிடிக்கச் சொன்னார். முடித்துக் கொடுத்தேன். திருத்திக்கொண்டே எழுந்து ஜன்னல் பக்கம் போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

"அது அங்கிள் வேன்தானே? எப்ப வந்தீங்க?"

"ஒம்போது மணிக்கு."

"மணி பன்னெண்டரை." அவர் குரல் மாறிவிட்டது. "ஹாரன் அடிக்கவே இல்லையே?"

நானும் எட்டிப் பார்த்தேன். சட்டை முதுகோடு ஒட்டியிருக்க, வேன் அங்கிள் வெயிலில் நின்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். சுகந்தி என் பக்கம் திரும்பினார்.

"என் பாட்டில் என்ன கலர்?"

"சிவப்பு. முயல் படம் போட்டது."

"ஞாபகம் இருக்கு, இல்ல?" பேப்பரை மேசையில் வைத்தார். "ஆறு தப்பு. அஞ்சு பேரும் நாலுதான் கண்டுபுடிச்சாங்க. நீ ஆறையும் புடிச்சிட்ட. அதுக்குத்தான் வேலை, அங்கிளுக்காக இல்ல. திங்கக்கிழமை வா. இங்க ஜன்னல் சீட்டு என்னோடது."

வேனுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன்.

"பாத்தியா, பெஸ்ட் ஃப்ரெண்டுன்னு அப்பவே சொன்னேன்ல!" என்று வண்டியைக் கிளப்பினார்.

இன்றைக்கும் அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சொந்த மகளுக்கே மூன்றாவது ஹாரன் அடிக்காதவர், அன்று எனக்காக மூன்றரை மணி நேரம் ஒரு ஹாரன்கூட அடிக்காமல் நின்றார். அவருக்கு நான் மூணாவது சீட்டாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.