ஒட்டுப்பால் வேலாண்டி

கழற்றிய ரேடியோவைத் திரும்பப் பூட்டி முடித்தபோது ஐயாவுவின் உள்ளங்கையில் திருகாணிகள் கொஞ்சம் மிச்சம் இருந்தன. ரேடியோவில் சத்தம் கொஞ்சமும் மிச்சம் இல்லை.

"கரகரன்னு கேக்குதுன்னு தானே சொன்னே? இப்ப கரகரப்பு இருக்கா பாரு" என்றான் மனைவியிடம், பெருமையாகத்தான்.

ஜீவராணி ரேடியோவின் தலையில் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் 'வேலாண்டி வீட்டு விசேஷம்' ஆரம்பமாகிவிடும். தெஹியோவிட்டைப் பக்கத்து இறப்பர்த் தோட்டங்களில் ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்ந்தால் லயம் என்கிற வரிசை வீடுகளில் எல்லாம் ரேடியோவில் அந்த நாடகம்தான். வேலாண்டி வேலைக்குக் கள்ளன், வாய்க்கு வீரன், தொட்டதையெல்லாம் கெடுத்து வைப்பவன். அவன் வாயைத் திறந்தால் போதும், ஜீவராணிக்குச் சிரிப்புத் தாங்காது. கட்டிய புருஷன் சொன்ன எந்தப் பகிடிக்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை. ஐயாவுவுக்கு அது நெடுநாள் வயிற்றெரிச்சல்.

பக்கத்து வீட்டுக் காம்பராவில் நாடகம் தொடங்கிவிட்டது. ஜீவராணி சுவரில் காதை வைத்தாள். அங்கே சிரிக்கிற சத்தம் கேட்டதே தவிர, எதற்குச் சிரிக்கிறார்கள் என்பது கேட்கவில்லை.

ஐயாவு ஆறுதல் சொல்ல நினைத்தான். அவன் ஆறுதல் சொல்ல ஆரம்பித்தால் தெய்வமே தள்ளி நிற்க வேண்டியதுதான்.

"விடு புள்ள. அதெல்லாம் ஒரு நாடகமா? எழுதுனவனுக்கு மண்டையில என்னா இருக்கும், களிமண்ணு! ஒரு மனுசன் நெசமா இப்புடியும் இருப்பானா?"

ஜீவராணி சுவரிலிருந்து காதை எடுத்தாள். புருஷனை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தாள். அன்றோடு அவள் அவனிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

பேச வேண்டியதைச் சட்டி பானையிடம் பேசினாள். "சோறு இருக்கு. திங்கிறவுங்க திங்கலாம்" என்று பானையிடம் சொன்னாள். செவ்வாய்க்கிழமை உடுப்புகளை மூட்டை கட்டி வைத்துவிட்டு, "வெள்ளிக்கெழம நான் பெல்மதுளைக்கு, எங்க அண்ணன் வூட்டுக்குப் போறேன். போனா போனதுதான்" என்று விளக்குமாற்றிடம் சொன்னாள்.

ஐயாவு ஆடிப்போனான். சண்டை போட்டாலும் பரவாயில்லை, வீட்டில் அவள் குரல் இல்லாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. அவள் இல்லாத வீட்டை நினைக்கவே பயமாக இருந்தது. அதை அவளிடம் சொல்லத்தான் இந்த மனுஷனுக்கு வாய் வராது.

இறப்பரைப் புகை போட்டுக் காய வைக்கும் தோட்டத்துப் புகைக்கூடத்தில் அவனுக்கு வேலை. கூட வேலை செய்யும் இந்திரகுமாரிடம் கதையைச் சொல்லிப் புலம்பினான்.

"அண்ணே, எந்தங்கச்சி வேல செய்யிற கொழும்பு வூட்டு நோனா, கதப் புத்தகத்துல வார யானைய துணியில தச்சு மகனுக்குக் குடுத்திச்சாம். அந்தப் பய அதக் கட்டிப் புடிச்சிக்கிட்டுத்தான் தூங்குறானாம். கடையில வாங்குனா அது சாமான். மனசுக்குப் புடிச்ச ஆள நம்ம கையால செஞ்சு குடுத்தா, அதுதான்ணே பரிசு."

"அவளுக்குப் புடிச்ச ஆளு…"

"வேற ஆரு? வேலாண்டிதான்."

தன் பெண்டாட்டியைச் சிரிக்க வைக்கிறவனுக்குத் தானே உருவம் செய்வதா என்று ஐயாவுவுக்கு ஒரு கணம் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் வெள்ளிக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது.

துணி தைக்கத் தெரியாது. கையில் இருந்தது ஒட்டுப்பால்தான். பால் வெட்டின மரத்திலும் பால் பிடிக்கிற சிரட்டையிலும் ஒட்டிக் காய்ந்து கிடக்கும் இறப்பர்ப் பால் அது. உருட்டினால் உருளும், இழுத்த பக்கம் வரும். ஒரே ஒரு குறை, நாறும். புகைக்கூடத்தில் வேலை செய்கிறவன் மூக்குக்கு அது தெரியாது.

அடுத்த சிக்கல், வேலாண்டியின் முகம். குரலைக் கேட்டிருக்கிறார்களே தவிர முகத்தை யார் கண்டது? லயத்தில் விசாரித்தால் ஒருத்தி குண்டன் என்றாள், ஒருத்தி ஒல்லி என்றாள், இன்னொருத்தி பார்க்க லட்சணமாக இருப்பான் என்று சொல்லி வெட்கப்பட்டாள். கடைசியில் ஐயாவு தன் மனம் போன போக்கில் செய்ய உட்கார்ந்தான். மூக்கும் காதும் எங்கே வரும் என்று அளவு பார்க்க மட்டும், சின்னக் கண்ணாடி ஒன்றை எதிரில் வைத்துக்கொண்டான்.

செய்து முடித்ததும் இந்திரகுமார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"அண்ணே, இது நீங்கதான்!"

"எங்கடா?"

"காதப் பாருங்க. அந்த முழியப் பாருங்க. எதையோ ஒடச்சிட்டு நிக்கிற முழி!"

ஐயாவுவுக்கு ரோஷம் வந்துவிட்டது. இப்படியே கொடுத்தால் அவள் வேலாண்டி என்று நம்புவாளா? தனக்கு மீசை கிடையாது. ஆகவே பொம்மைக்கு மீசை வைத்தால் தீர்ந்தது. ஆட்டு ரோமத்தைப் பிடுங்கி வந்து பாலைத் தடவி ஒட்டினான். ரோமம் கை நிறைய இருந்ததால் மீசையும் முகம் நிறைய வந்தது. பிறகு, இறப்பர் சீட்டுகளைத் தொங்கவிடும் கம்பிலேயே பொம்மையையும் கழுத்தில் கம்பி கட்டிப் புகையில் தொங்கவிட்டான். இறப்பரைக் காய வைக்க அவனுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

மறுநாள் காலை சீட்டுப் பார்க்க வந்தார் சின்னத்தம்பி கணக்கப்பிள்ளை. அந்தத் தோட்டத்திலேயே பெரிய மீசை அவருடையது. உள்ளே நுழைந்தவர் நிமிர்ந்து பார்த்தார். புகைக்கு நடுவில் அவருடைய மீசை தொங்கிக்கொண்டிருந்தது.

"அதான் நேத்துலருந்து எனக்கு நெஞ்செரிச்சலா?" கணக்கப்பிள்ளைக்குக் குரல் நடுங்கியது. "பொகையில வேற போட்டிருக்கீங்க! கழுத்துல கம்பி வேற! ஆருடா எனக்கு செய்வின செஞ்சது?"

"ஐயோ சாமி, செய்வின இல்லீங்க!" ஐயாவு ஓடி வந்தான். "நாந்தாங்க செஞ்சேன். இது வேலாண்டிங்க."

"ஆரு? ரேடியோவுல வார அந்தக் கேணப் பயலா?"

"ஆமாங்க!"

"அவனுக்கு என் மீசையா?"

செய்வினையே மேல் என்று ஆகிவிட்டது நிலைமை.

"புடுங்குடா அந்த மீசய!" என்று கத்தினார் கணக்கப்பிள்ளை.

ஐயாவு பிடுங்கினான். ஒவ்வொரு கொத்தாக வர வர, கணக்கப்பிள்ளை தன் மீசையைக் கையால் பொத்திக்கொண்டு, "மெதுவாடா, மெதுவா!" என்றார். பொம்மையின் மேலுதடும் மீசையோடு சேர்ந்து வந்துவிட்டது. கணக்கப்பிள்ளை நெஞ்சைத் தடவிப் பார்த்து, எரிச்சல் குறைந்திருக்கிறது என்று திருப்தியோடு போனார்.

பொம்மை இப்போது வாயைப் பிளந்துகொண்டு பெருமையடிக்கிற மாதிரி இருந்தது. "இப்ப அச்சு அசல் நீங்களேதான்" என்றான் இந்திரகுமார்.

இனி முகத்தில் கை வைத்துப் பயனில்லை, உடுப்பில் கவனத்தைத் திருப்பலாம் என்று ஐயாவு முடிவு செய்தான். வெள்ளிக்கிழமை காலை ஜீவராணி, தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவுக்கு வேலைக்குப் போயிருந்தாள். ஐயாவு அவள் மூட்டையைப் பிரித்தான். நல்ல சிவப்புத் துணி ஒன்று இருந்தது. அண்ணன் மகள் சடங்குக்கு என்று அவள் எடுத்து வைத்த துணி அது. ஓரத்தில் வெட்டினால் தெரிந்துவிடும் என்று நடுவில் வெட்டினான். வேலாண்டிக்கு இடுப்பில் சுற்ற அருமையான சாரம் ஒன்று கிடைத்தது. நாற்றம் போக அவளுடைய பவுடர் டின்னையும் கவிழ்த்தான். நாற்றம் போகவில்லை, பவுடர் வாசமும் வந்து கூடிக்கொண்டது.

பகல் ஜீவராணி வேலை முடிந்து வந்தாள். ஐயாவு பொம்மையை இரண்டு கையாலும் நீட்டினான்.

"இது ஆரு?"

ஐந்து நாளைக்குப் பிறகு அவனிடமே கேட்ட கேள்வி! ஐயாவுவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"வேலாண்டி. ஒனக்காக நானே செஞ்சேன்."

ஜீவராணி பொம்மையின் பிளந்த வாயைப் பார்த்தாள். சிவப்புச் சாரத்தைப் பார்த்தாள். பிரிந்து கிடந்த மூட்டையைப் பார்த்தாள். பவுடர் டின்னைப் பார்த்தாள். இனித் தப்பிக்க வழியில்லை என்று தெரிந்ததும் ஐயாவுவுக்கு எங்கிருந்தோ வாய் வந்துவிட்டது.

"நான் சொன்னா நீ சிரிக்க மாட்டே. அவன் சொன்னாத்தான் சிரிக்கிறே. எனக்கு அவன் மேல பொறாமதான், இல்லன்னு சொல்லல. ஆனா நீ போயிட்டா இந்த வூட்டுல எனக்கு என்னா இருக்கு? அவனயாச்சும் பக்கத்துல வச்சிக்க. போவாத ஜீவா."

ஜீவராணி பொம்மையை வாங்கி அவன் முகத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். இதைப் பார்த்தாள், அதைப் பார்த்தாள். அவளுக்கு உதடு துடித்தது. சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா, வேறு ஏதாவதா என்று அவனுக்குப் புரியவில்லை.

சட்டென்று தலைப்பை விலக்கினாள். "மணி என்னாங்க?"

"ரெண்டாச்சு."

"ஐயய்யோ!"

பொம்மையை அவன் கையில் திணித்தாள். குடையை எடுத்தாள். செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் ரோட்டுக்கு ஓடினாள். ஐயாவு வாசலுக்கு வருவதற்குள் பஸ் அவளை ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

மூட்டை அப்படியே கிடந்தது. உடுப்புக்கூட வேண்டாம் என்று போகிற அளவுக்கா கோபம்! ஐயாவு பொம்மையோடு ரோட்டில் ஓடினான். எதிரில் வந்த முச்சக்கரவண்டியை மறித்து ஏறினான். சாரதி பாதி வழியில் மூக்கைப் பொத்திக்கொண்டு, "மொக்கத மே கந்த?" என்று நாற்றத்துக்குக் காரணம் கேட்டான். ஐயாவு பொம்மையை மடியில் அணைத்துக்கொண்டு, "மகே நோனா கியா!" என்று பெண்டாட்டி போய்விட்டதைச் சிங்களத்தில் சொல்லி அழுதான். சாரதி வண்டியின் வேகத்தைக் கூட்டினான்.

தெஹியோவிட்டை பஸ் ஸ்டாண்டில் அவளைக் காணவில்லை. பெல்மதுளைக்குப் போகிற வழியில் எந்த பஸ்ஸில் இருக்கிறாளோ! மச்சானுக்கு ஃபோன் எடுத்து, வந்து இறங்கினால் கையோடு திருப்பி அனுப்பச் சொல்லிக் காலில் விழலாம் என்று நினைத்தான். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் றம்ஸியாவின் கொமியுனிகேஷன் கடை. அண்ணனோடு ஃபோனில் பேச வேண்டும் என்று ஜீவராணி கிழமைக்கு ஒரு தடவை தவறாமல் போய் வருகிற கடை.

பொம்மையை மேசையில் வைத்துவிட்டு, "ஒரு கோல் எடுக்கணும்ங்க, பெல்மதுளைக்கு" என்று மூச்சு வாங்கினான்.

றம்ஸியா மூக்கைப் பொத்தினாள். பொம்மையைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். பொத்திய கையை எடுத்துவிட்டுச் சிரித்தாள்.

"அட, நம்மட வேலாண்டி!"

ஐயாவுவுக்கு அந்தத் துக்கத்திலும் பெருமை பொங்கியது. இத்தனை பாடுபட்டதற்கு ஒரே ஒரு ஆளாவது கண்டுகொண்டதே! "அவன ஒருத்தரும் பாத்ததில்லீங்களே, நீங்க எப்புடிங்க கண்டுபுடிச்சீங்க?"

"எனக்குத் தெரியாமயா? அந்த நாடகத்த எழுதுற ஒங்கட பொஞ்சாதி இப்பத்தானே இங்க வந்து, 'எழுதிக் குடுத்த மாதிரி ஞாயித்துக்கெழம அவர சாகடிக்க வேணாம் சேர், அந்த மனுசன் பொழச்சிப் போவட்டும்'னு ரெக்கோடிங் தொடங்க முந்தி கொழும்பு ரேடியோவுக்குக் கோல் எடுத்துச் சொல்லிட்டுப் போறா!"