கவ்வாத்து மலைக்குப் போன கல் நத்தை

உலகத்துக் கவலைகளையெல்லாம் ஒருவரே மொத்தக் குத்தகைக்கு எடுக்க முடியுமா என்று கேட்பவர்கள், எங்கள் நத்தை டாக்டரைப் பார்த்திருக்க வேண்டும். இலங்கையில், வட்டகொடைக்கு மேலே இருந்த தேயிலைத் தோட்டத்தில் அவர்தான் மருந்து கொடுப்பவர்; நான் ஆபீஸ் கிளாக்கர். ஒரே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். யுத்த காலத்தில் பட்டாளத்துக் கம்பவுண்டராகப் பஞ்சாபில் இருந்தபோது, அங்கே உப்புமலையில் பொறுக்கிய கல் நத்தைகளை ஒரு பெட்டி நிறைய வைத்திருந்தார். பெர்மியன் காலத்துக் கடல் நத்தைகளாம். இருபத்தைந்து கோடி வருஷத்துக்கு முன்னாலேயே செத்துக் கல்லாகிப்போனவை. அவற்றின் சரியான பெயரைக் கண்டுபிடிக்காமல் மனுஷருக்குத் தூக்கம் கிடையாது.

"மருந்து மாறிப்போனா ஆளு வந்து ஏசுவான் தம்பி. பேரு மாறிப்போனா இது யாருகிட்ட போய்ச் சொல்லும்?" என்பார்.

காய்ச்சல்காரன் நாக்கை நீட்டிக்கொண்டு நிற்பான். இவர் லென்ஸோடு உள்ளே ஓடி, ஒரு நத்தையின் வரிகள் முன்னால் வளைகின்றனவா பின்னால் வளைகின்றனவா என்று பார்த்துவிட்டு வருவார்.

இரண்டு பக்கமும் ஒன்றுபோலச் சுருண்ட ஓர் உருண்டை நத்தைதான் அவர் உயிரை வாங்கியது. வாய் விளிம்பில் சின்ன வெட்டு இருந்தால் ஓர் இனம், இல்லாவிட்டால் வேறு இனம். பெட்டியிலேயே வாய் உடையாதது அது ஒன்றுதான். கல் படிப்புப் படித்த ஒரு கொழும்புக்காரர், அடுத்த வாரம் கப்பலேறுகிறவர், சனிக்கிழமை வந்து பார்த்துச் சொல்வதாக ஒப்புக்கொண்டார். அதிலிருந்து டாக்டருக்குச் சோறு இறங்கவில்லை. நத்தையைக் கழுவி வாசலில் காயவைத்தார். காக்கா தூக்கிவிடுமோ என்று உள்ளே வைத்தார். ஈரம் காயாதோ என்று மறுபடி வெளியே வைத்தார்.

காக்கா தூக்கவில்லை. கங்காணி தூக்கிவிட்டார். அன்றைக்குத்தான் கவ்வாத்து ஆரம்பம். தேயிலைச் செடியை வெட்ட இறங்குமுன், கத்தி கையில் பட்டுவிடக் கூடாதென்று ஒரு கல்லை நட்டுக் கும்பிடுவது தோட்டத்து வழக்கம். சுழியோடு ஒரு கல் டாக்டர் வாசலிலேயே கிடந்தால் விடுவாரா?

விஷயம் தெரிந்து நாங்கள் மலைக்கு மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது நத்தைக்கு மஞ்சள், குங்குமம், சேவல் ரத்தம் எல்லாம் ஆகியிருந்தது.

"ஐயா வாசல்லயே சாமி வந்து கெடந்துச்சுங்க. இந்த வருசம் ஒருத்தனுக்கும் ஒண்ணும் ஆகாதுங்க!" என்றார் கங்காணி.

டாக்டர் கல்லுக்கு முன்னால் போய் நின்றார். கும்பிடுகிற சாக்கில் குனிந்து பார்த்தார். "வாயெல்லாம் மஞ்சள அப்பிட்டானுங்க தம்பி, ஒண்ணும் தெரியல," என்று என் காதில் அழுதார். அப்புறம் தினமும் போய்க் குனிந்தார். ஐயாவுக்கு என்ன பக்தி என்று கூலி லயத்துப் பெண்கள் உருகினார்கள்.

சனிக்கிழமை, "கேட்டா கங்காணி குடுத்துருவாருங்க ஐயா, நான் போய் வாங்கிட்டு வந்துர்றேன்," என்றேன். வேண்டாம் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். கொழும்புக்காரர் வந்தார். உடைந்த நத்தைகளைப் புரட்டினார். வாய் இல்லாமல் எதுவும் சொல்ல முடியாது என்று கையை விரித்துவிட்டு, தேத்தண்ணி குடித்துக் காரில் ஏறிப் போய்விட்டார்.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. "சாமியே இல்லேன்னு சொல்றவரு நீங்க. பெறகு ஏங்க அத அங்கயே விட்டீங்க?"

"எனக்கு இல்ல தம்பி. கத்தி புடிக்கிறவனுக்கு இருக்கே. பாதியில கல்லக் காணோம்னா அவன் கை நடுங்குமில்ல?"

அன்று வேலை முடிந்து மலையிலிருந்து இறங்கியவர்களை வாசலில் மறித்து, ஒவ்வொருவர் கையையும் வாங்கி, விரல் விரலாகத் திருப்பிப் பார்த்துத்தான் அனுப்பினார். எனக்கு அவரை அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.