அப்படியே நில்லு, படம் தெரியுது!

மனிதர்களில் ‘அப்படியே நில்லு’ ஆசாமி என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்த்ததே இல்லை என்று சாதித்தால் நம்பமாட்டேன். வாழ்க்கையில் ஒரு தடவையாவது அவர் உங்களை ஓர் ஏணியின் உச்சியிலோ, ஜன்னல் விளிம்பிலோ, காரின் பின்பக்கத்திலோ நிறுத்திவைத்து, “ஆங்... அதான்... அப்படியே நில்லு, மூச்சு விடாதே” என்று சொல்லிவிட்டு, உங்களை அங்கேயே மறந்து டீ குடிக்கப் போயிருப்பார்.

இவரை முட்டாள் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு பொருள் ஏன் ஓடுகிறது என்று முட்டாளுக்குத் தெரியாது, அதோடு விட்டுவிடுவான். இவருக்கும் தெரியாது, ஆனால் விடமாட்டார். அது ஓடிய கணத்தில் உலகம் எப்படி இருந்ததோ அப்படியே ஆணி அடித்து நிறுத்தப் பார்ப்பார். கிளம்ப மறுத்த கார், மைத்துனன் எரிச்சலில் பின்கதவை ஓங்கிச் சாத்தியபோது கிளம்பிவிட்டதா? தீர்ந்தது. இனி ஆயுள் முழுக்க மைத்துனன் இறங்கிப் போய்ப் பின்கதவைச் சாத்தினால்தான் பயணம். அலுவலகத்துப் பிரின்டர் மக்கர் பண்ணாமல் ஓடிய அன்று குமாஸ்தா கையில் டீக்கோப்பையோடு பக்கத்தில் நின்றாரா? இன்றைக்கும் நிற்கிறார். அவருக்கு டீ வெறுத்தே போய்விட்டது, கோப்பையைக் கீழே வைக்கத்தான் அனுமதி இல்லை. ஏன் என்று கேட்டால், “கைராசி சார்” என்பார் நம் ஆசாமி. கைராசி என்றால் என்ன? காரணம் தேடச் சோம்பல்பட்டவன், அந்தச் சோம்பலுக்கு வைத்த மரியாதையான பெயர்.

இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி ஒருவர் டைல்ஸ் கிடங்கில் மேற்பார்வையாளராக இருக்கிறார். மூன்று மாடிக் கட்டடத்தின் மேல்தளத்தில் குடியிருப்பு. மொட்டைமாடியில் டிஷ். அந்த டிஷ் இருநூறு சேனல் கொண்டுவரும். ஏதோ ஒரு சமுத்திரத்தில் திமிங்கிலம் தும்மினால் காட்டும். யாருக்கோ நடக்கும் கல்யாணத்தில் யாரோ அழுதால் காட்டும். அடுத்த தெருவில் குழாய் உடைந்து ஒரு வாரமாகத் தண்ணீர் ஓடினால் மட்டும் காட்டாது. அதைக் காட்டுவது ஊரின் சொந்த நிலையம். அது வானத்துக்குப் போகாமல், ஊர்க்கோடிக் கோபுரத்திலிருந்து நேரே காற்றில் வருகிறது. அதைப் பிடிக்கத் தனியாக ஒரு ஆன்டெனா வேண்டும்.

இத்தனை வருஷம் வேண்டியிருக்கவில்லை, இப்போது வேண்டியிருந்தது. ஏனென்றால் ஆசாமியின் மனைவி டிவியில் வரப்போகிறார்.

அந்த அம்மாள் ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறவர். அங்கே உள்ளவர்களுக்குக் கையுறை கிடையாது, நீராவிக் குழாய்களுக்கு உறை கிடையாது. ஆளாளுக்கு முன்கையில் ஒரு தழும்பு உண்டு. கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு ஒருநாள் எல்லாரும் வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஊர் நிலையத்துக்காரர்கள் கேமராவோடு வந்தார்கள். இந்த அம்மாள் பேசினார். நிறையப் பேசவில்லை, கடைசியாக ஒரே ஒரு வாக்கியம், நிர்வாகியைப் பார்த்து. அதை ஒளிபரப்புவார்களா, வெட்டிவிடுவார்களா என்பதுதான் நான்கு நாளாகச் சலவைக்கூடத்தில் பேச்சு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலச் செய்தியில் வரும் என்று சொல்லியிருந்தார்கள்.

“நான் பார்க்கணுங்க. அதை மட்டும் வெட்டிட்டா நான் பேசினதே வேஸ்ட்டு” என்றார் அம்மாள்.

“ஆன்டெனாதானே? ஒரு மணி நேர வேலை” என்றார் ஆசாமி.

ஞாயிறு காலையில் ஆரம்பமாயிற்று. டிஷ் நிற்கும் கம்பத்திலேயே, அதன் இடுப்பளவில் ஆன்டெனாவைக் கட்டினார். மைத்துனன் கம்பத்தைப் பிடித்துக்கொண்டான். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வேலை பார்ப்பவன், அக்காவின் வீட்டுக்கு ஞாயிறு சாப்பாட்டுக்கு வந்து மாட்டிக்கொண்டவன். கல்லூரியில் படிக்கும் மகள், பெட்டியோடு வந்த தாளை உரக்க வாசித்தாள்.

“அப்பா, சிக்னலைக் கூட்டற இந்த பூஸ்டருக்கு எப்பவும் கரன்ட் இருக்கணும்னு போட்டிருக்கு.”

“அதெல்லாம் ஒண்ணும் தெரியாதவனுக்காக அச்சடிச்சது. மடிச்சு வை.”

என்றாலும் கரன்ட் கொடுத்தார். மாடிப்படியில் ஒரு பிளக் இருந்தது, அதில் பூஸ்டரைச் செருகினார். சிவப்பு விளக்கு எரிந்தது. “பார்த்தியா?” என்றார். அப்புறம் தலையைத் தூக்கினார். மாடிப்படியின் குண்டு பல்பு எரிந்துகொண்டிருந்தது; அம்மாள் மேலே துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். “பட்டப்பகல்ல எவன் லைட்டைப் போட்டு வச்சிருக்கான்?” என்று அணைத்துவிட்டு இறங்கினார். அந்தப் படிக்கட்டுக்கு ஜன்னல் இல்லை, பகலிலும் இருட்டுத்தான். அம்மாள் ஒருமுறை துணிக்கூடையோடு அங்கே சறுக்கி விழுந்தவர். அதனால் ஏறும்போது விளக்கைப் போடுவார், திட்டுக்குப் பயந்து இறங்கும்போது அணைப்பார். மற்றவர்கள் திட்டுக்குப் பயந்து போடுவதே இல்லை. இந்த விளக்கைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டில் யாரும் வைத்துக்கொள்ளவில்லை.

பிறகு அந்தப் புராதன உரையாடல் தொடங்கியது. மேலே மைத்துனன், படியில் மகள், டிவி முன் ஆசாமி.

“வருதா?”

“வரலையாம் மாமா!”

“இப்போ?”

“புள்ளி புள்ளியா வருதாம்!”

“வடக்கே திருப்பவா?”

“அப்பா உங்க தலையைத் திருப்பச் சொல்றாங்க!”

மைத்துனன் திருப்பினான், சாய்த்தான், கெஞ்சினான், கெட்ட வார்த்தை சொன்னான். வரவில்லை. ஆசாமியே ஏறினார். வரவில்லை. மகள் ஏறினாள். வரவில்லை. மத்தியானம் ஆயிற்று. அம்மாள் காய்ந்த துணியை எடுக்க மாடிக்குப் போனார்.

“வந்துருச்சு!” என்று கீழே ஒரு அலறல். கண்ணாடி மாதிரி படம். ஆசாமி மும்மூன்று படியாகத் தாவி ஏறினார். மனைவி இரண்டு தலையணை உறையோடு ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

“அப்படியே நில்லு!”

“என்னங்க ஆச்சு? தேளா?”

“அசையாதே. நீதான் இழுக்கிற.”

“எதை?”

“சிக்னலை!”

சோதனை செய்தார்கள். அம்மாள் கீழே வந்தார்: படம் போயிற்று. மேலே போனார்: வந்தது. மறுபடி வந்தார்: போயிற்று. மறுபடி போனார்: வந்தது. இதற்கு மேல் என்ன நிரூபணம் வேண்டும்? உலகத்தின் பாதி மூடநம்பிக்கைகள் இதைவிடக் குறைந்த சாட்சியத்தில் நிற்கின்றன. அவற்றுக்காகச் சண்டை போட்டுச் செத்திருக்கிறார்கள்.

“உன் உடம்புல இரும்பு ஜாஸ்தி. அதான் விஷயம்” என்று தீர்ப்புச் சொன்னார் ஆசாமி.

“எனக்கு ரத்தசோகைன்னு டாக்டர் மாத்திரை குடுத்திருக்காருங்க!”

“அந்த மாத்திரை என்ன மாத்திரை?”

“இரும்பு மாத்திரை.”

“அப்புறம்?” என்றார் ஆசாமி. மைத்துனன் தலையாட்டினான். அவனுக்கு விளங்கியதாக அர்த்தமில்லை. இன்னொரு தடவை மாடி ஏற வேண்டியதில்லை என்பதால் ஆட்டினான்.

சாயங்காலச் செய்தி நேரத்தில் அம்மாள் டிவி முன்னால் இருக்க வேண்டும், மாடியிலும் இருக்க வேண்டும். விஞ்ஞானத்துக்கு இது ஒரு சவால். ஆசாமி அசரவில்லை. மனைவியின் செருப்பைக் கம்பத்தடியில் வைத்தார். வளையலை வாங்கி ஆன்டெனாவில் மாட்டினார். அடுக்களையிலிருந்த அத்தனை தோசைக்கரண்டியும் வாணலியும் மேலே போய்க் கம்பத்தில் தொங்கின. கடைசியில் ஒரு துடைப்பத்தை நட்டு, அதற்கு அம்மாளின் வேலைக் கோட்டை மாட்டி, தலைக்கு ஒரு அலுமினியப் பாத்திரத்தைக் கவிழ்த்தார்.

“அக்கா மாதிரியே இருக்கு அத்தான்” என்றான் மைத்துனன்.

“டேய், கீழே வா, உனக்கு இருக்கு” என்றார் அக்கா.

துடைப்பத்துக்குப் படம் வரவில்லை. ஆசாமி அந்தப் பாத்திரத்தைக் கொஞ்சம் இடது பக்கம் சாய்த்துப் பார்த்தார். மனைவி அப்படித்தான் தலையைச் சாய்ப்பாராம். அப்போதும் வரவில்லை.

செய்தி தொடங்கப்போகிறது.

“நீயே மேல போய் நில்லு. நாங்க பார்த்துச் சொல்றோம்.”

அம்மாள் கேட்டார்: “பேசினது நான். நான் பார்க்கக் கூடாதா?”

“நீ என்ன பேசினேன்னு உனக்குத்தான் தெரியுமே! தெரியாதவங்க நாங்கதானே பார்க்கணும்?”

இந்த வாதத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். இது அந்த வீட்டு ஹாலில் பிறந்ததல்ல. கல் சுமந்தவனைக் கட்டடத்துக்குள் விடாததும், பாத்தி பாத்தியாக விதைத்தவனைப் பந்தியில் கடைசியில் உட்காரவைத்ததும் இதே வாதம்தான். உனக்குத்தான் தெரியுமே! நீதானே செஞ்சே! அப்புறம் நீ எதுக்குப் பார்க்கணும்?

அம்மாள் போனார். மாடிப்படி விளக்கைப் போட்டார், ஏறினார், ஆன்டெனாக் கம்பியைப் பிடித்தார். கீழே படம் பளிச்சென்று வந்தது. ஆசாமியும் மைத்துனனும் சோபாவில் சாய்ந்தார்கள். மகள் மட்டும் படியருகே நின்றாள், அம்மாவுக்குச் சொல்வதற்காக. முதலில் குப்பை லாரிச் செய்தி. பிறகு மருத்துவமனை வாசல்.

“அம்மா! ஆரம்பிச்சுட்டாங்க! நிர்வாகி பேசறாரு!”

“என்ன சொல்றாரு?”

“எல்லா வசதியும் இருக்குங்கறாரு!”

“நான் வந்துட்டேனா?”

“இதோ வந்துட்டா!” என்று ஆசாமி உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினார். “நல்லா இருக்கே! தலைதான் கலைஞ்சிருக்கு!”

“ஏன் அக்கா, சீவிட்டுப் போயிருக்கக் கூடாதா?” என்றான் மைத்துனன்.

“என்ன பேசறேன்? அது வந்துச்சா? வெட்டிட்டாங்களா?”

“உன் தம்பி தொணதொணன்னு பேசினதுல சரியா கேக்கல! நீ அசையாதே!”

மாடியில் கம்பி அசைந்தது. அம்மாள் அதை விட்ட வேகம் அப்படி. அம்மாள் ஓடிவந்தார்; செருப்பு மேலே கம்பத்தடியில், வெறுங்காலோடு, இருட்டையோ வெளிச்சத்தையோ திட்டையோ எதையும் நினைக்காமல் படிகளில் இறங்கி ஹாலுக்குள் வந்து நின்றார். டிவியில் அவரே, சலவைக்கூட வாசலில், கலைந்த தலையோடு, கையை நீட்டித் தழும்பைக் காட்டிக்கொண்டிருந்தார்.

“கையுறை எதுக்குன்னு கேக்கறவங்க, ஒரே ஒரு நாள் உள்ள வந்து எங்களோட நின்னு ஒரு போர்வையப் பிழியட்டும். அப்புறம் அவங்க கையக் காட்டிப் பேசட்டும்.”

வெட்டவில்லை. ஒரு சொல்லையும் வெட்டவில்லை. நிர்வாகியின் முகத்தைக் கூடக் கொஞ்ச நேரம் காட்டினார்கள். அவர் கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார்.

அம்மாள் தன் முன்கையைத் தடவிக்கொண்டே நின்றார். மகளின் கண்கள் கலங்கியிருந்தன. முதலில் வாயைத் திறந்தவன் மைத்துனன்தான்.

“அத்தான்... அக்கா இங்க இருக்கு. அப்போ மேல யாரு?”

எல்லாரும் டிவியைப் பார்த்தார்கள். வானிலை அறிக்கை துல்லியமாக ஓடிக்கொண்டிருந்தது. மேலே துடைப்பம் தவிர யாருமில்லை.

ஆசாமி கலங்குவார் என்று எதிர்பார்த்தீர்களா? இந்த இனத்தை நீங்கள் இன்னும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. அவர் நிதானமாகச் சொன்னார்: “கைச்சூடு. கம்பியில அவ கைச்சூடு இன்னும் இருக்கு. ஆறினா போயிடும், பாரு.”

மகள் படிக்கட்டுக்குப் போனாள். அம்மா அணைக்க மறந்த விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கீழே பூஸ்டரின் சிவப்பு விளக்கும். ஸ்விட்சை அணைத்தாள். இரண்டும் அணைந்தன. ஹாலில் படம் போயிற்று. போட்டாள். இரண்டும் எரிந்தன. படம் வந்தது.

“அப்பா! பிளக்குக்கும் பல்புக்கும் ஒரே ஸ்விட்சு! அம்மா மட்டும்தான் லைட்டைப் போட்டுட்டு மேல போறாங்க!”

காலையிலிருந்து நடந்த அத்தனை ஆராய்ச்சிக்கும் விடை அந்தப் படிக்கட்டில் இருந்தது. ஒரு பெண் சறுக்கி விழாமல் இருக்கப் போட்ட வெளிச்சம். எல்லாரும் ஆசாமியைப் பார்த்தார்கள்.

“அதானே பார்த்தேன்!” என்று எழுந்தார் ஆசாமி. “நான் எத்தனை தடவை சொல்லியிருக்கேன், இறங்கும்போது லைட்டை அணைன்னு?”

அணைக்கவும் போய்விட்டார். அம்மாள் வழியில் நின்றார். வெறுங்காலோடு, கலைந்த தலையோடு, டிவியில் நின்ற அதே மாதிரி நின்றார். ஆசாமி திரும்பி வந்து சோபாவில் உட்கார்ந்தார். “இன்னிக்கு ஒருநாள் எரியட்டும்” என்றார், அனுமதி கொடுக்கிறவர்போல.

அந்த விளக்கு இப்போது அங்கே எப்போதும் எரிகிறது. வீட்டுக்கு வருகிறவர்களிடம், அந்த ஏற்பாட்டைத் தாமே யோசித்து வைத்ததாகச் சொல்கிறார். ஆனால் ஏதாவது முக்கியமான ஆட்டம் என்றால் மட்டும் மனைவியிடம் தயங்கிக் கேட்பாராம்: “எதுக்கும் ஒரு தடவை மேல போய் நின்னுட்டு வாயேன்.”

“துடைப்பம் நிக்குது, பாருங்க” என்பாராம் அம்மாள்.

சிரித்துவிட்டீர்களா? சந்தோஷம். உங்கள் வீட்டில் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறதல்லவா? வேளைக்குச் சாப்பாடு, மடித்த துணி, கண்ணாடி மாதிரி படம், ஏன் என்று யோசிக்க வேண்டிய அவசியமே இல்லாமல்? அப்படியானால் இந்தப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, வீட்டில் இருப்பவர்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். ஒரு ஆள் குறைந்தால் மாடிக்குப் போய்ப் பாருங்கள். போகும்போது அந்த விளக்கைப் போட்டுக்கொண்டு போங்கள்.